ஆலையில் பிழை, ஊருக்குத் தண்டனை!



விமானம் எட்டிப் பாராத ஊர்கள் உலகில் ஆயிரமாயிரம். அங்கு வாழ்வோர் அதை எண்ணி ஏங்கிக் கிடப்பதில்லை. ஆனால், வந்துகொண்டிருந்த விமானத்தை, "இனி வாராது" என்று ஒருநாள் நிறுத்திவிட்டால், அதற்குப் பெயர் இல்லாமை அல்ல, இழப்பு! அமெரிக்க நாட்டில், 2024 ஆகஸ்ட் திங்களில், அத்தகைய இழப்பு நேர்ந்தது. கடல் கடந்த கதைதானே என்று தள்ளிவிடாதீர். இலாபம் எந்த நாட்டில் குடியிருந்தாலும் ஒரே மொழியில்தான் பேசுகிறது. அந்த மொழியை அறிந்து வைப்பது நல்லது.

சவுத்வெஸ்ட் என்பது அந்நாட்டின் மிகப்பெரும் விமானக் கம்பெனிகளுள் ஒன்று. 1971இல் டெக்சாஸ் மாநிலத்து மூன்று நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கி, 'குறைந்த கட்டணம்' என்னும் கொடி பிடித்தே வளர்ந்த கம்பெனி. 2024 ஏப்ரல் 25ஆம் நாள் அக்கம்பெனி, "நான்கு விமான நிலையங்களை விட்டு வெளியேறுகிறோம்" என்றது. நியூயார்க் மாநிலத்துச் சிரக்கியூஸ். வாஷிங்டன் மாநிலத்துப் பெல்லிங்காம். மெக்சிகோ நாட்டுத் தீவாகிய கோசுமெல். ஹூஸ்டன் நகரின் புஷ் விமான நிலையம். ஹூஸ்டனுக்குக் கவலையில்லை, அக்கம்பெனிக்கே அங்கே இன்னொரு நிலையம் உண்டு. சிற்றூருக்கு அந்த வாய்ப்பு ஏது?

காரணம் என்ன சொன்னார்கள்? அவ்வாண்டின் முதல் மூன்று திங்களில் 23 கோடியே 10 இலட்சம் டாலர் நட்டம். செலவோ ஏறிவிட்டது. வாங்கவிருந்த விமானங்களோ வந்து சேரவில்லை. அவ்வாண்டில் 79 விமானங்கள் வரும் என்று கணக்கிட்டிருந்தனர். மார்ச்சில் அது 46 ஆயிற்று. ஏப்ரலில் 20 ஆயிற்று!

"பாவம், கம்பெனி என்ன செய்யும்? விமானம் இல்லாமல் எதை ஓட்டும்?" என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மறுக்கவில்லை. ஆனால் அதோடு நின்றுவிடாமல் அடுத்த கேள்வியையும் கேட்போம்: விமானம் ஏன் வரவில்லை?

சவுத்வெஸ்ட் ஓட்டுவன அனைத்தும் போயிங் கம்பெனியின் 737 வகை விமானங்கள். ஒரே வகை என்பதால் விமானிக்குப் பயிற்சி எளிது, உதிரிப் பாகம் எளிது, செலவு குறைவு. அதுவே அதன் வெற்றியின் இரகசியம். அந்த 737 உருவாகும் ஆலை இருப்பது ரென்டன் நகரில். ரென்டன் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில். பெல்லிங்காமிலிருந்து ஏறத்தாழ 100 மைல் தொலைவு! விமானம் பிறக்கும் மாநிலத்திலேயே, விமானம் போதவில்லை என்று ஓர் ஊரின் சேவை நின்றது. நெல் விளையும் வயலின் வரப்பிலேயே பட்டினி!

அந்த ஆலையில் என்ன நடந்தது? 2024 சனவரி 5ஆம் நாள், போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில், நடுவானில், கதவுக்குரிய இடத்தை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போயிற்று. உள்ளே 177 பேர். உயிர்ச்சேதம் இல்லாது தப்பினர். ஆய்ந்த அரசு வாரியம், அந்தப் பலகையைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் பூட்டப்படவே இல்லை என்றது. பழுது பார்க்கக் கழற்றியிருக்கிறார்கள்; திருப்பிப் பூட்டாமலே விமானத்தை அனுப்பிவிட்டார்கள்! அதன் பின்னரே அரசு விழித்து, திங்களுக்கு 38க்கு மேல் அவ்வகை விமானம் செய்யக்கூடாது என்று தடை போட்டது. ஆலையின் வேகம் குறைந்தது. விமானம் வரவில்லை.

அதற்கு முன் எச்சரிக்கை இல்லையா? இருந்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியக் கடலில் 189 உயிர். 2019 மார்ச்சில் எத்தியோப்பிய மண்ணில் 157 உயிர். இரண்டும் அதே 737 மேக்ஸ். விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே அழுத்தும் ஒரு கருவியமைப்பு; அது ஒற்றை உணரியை நம்பி இயங்கியது; அப்படி ஒன்று இருப்பதையே விமானிகளுக்குச் சொல்லாமல் வைத்திருந்தனர். சோதித்து ஒப்பமிடும் பணியில் ஒரு பகுதியை அரசு போயிங் ஊழியரிடமே ஒப்படைத்திருந்தது. தேர்வு எழுதுகிறவனே விடைத்தாளைத் திருத்தும் ஏற்பாடு!

பணம் இல்லாமலா இந்தக் குறை? 2013க்கும் 2019க்கும் இடையே, போயிங் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதற்கு ஏறத்தாழ 4,300 கோடி டாலரைச் செலவிட்டது. பங்கு குறைந்தால், மிஞ்சிய பங்கின் விலை ஏறும். பங்குதாரர் முகம் மலரும். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி, பூட்டிய போல்ட்டை மறுமுறை பார்க்கும் கண்களுக்குப் போயிருக்கலாகாதா?

இனி, "செலவு ஏறிவிட்டது" என்ற சொல்லுக்கு வருவோம். ஏறிய செலவுகளுள் ஒன்று தொழிலாளர் ஊதியம். உண்மை. சவுத்வெஸ்ட் விமானப் பணியாளருக்கு 2024 மே முதல் 22 விழுக்காடு உயர்வு கிடைத்தது. ஆனால் அவர்களுடைய பழைய ஒப்பந்தம் 2018லேயே திருத்தத்துக்கு உரியதாகிவிட்டது! ஐந்தாண்டுக்கு மேலாகத் தராத கூலியை ஒரு நாள் தந்துவிட்டு, "ஐயோ, செலவு" என்று அலறுவது என்ன நியாயம்?

பொதுப்பணம் பெற்ற கதையும் உண்டு. கொரோனா நோய்க் காலத்தில், ஊழியரை வேலையில் வைத்துக்கொள்ள அமெரிக்க அரசு விமானக் கம்பெனிகளுக்குப் பணம் வழங்கியது. சவுத்வெஸ்ட் பெற்றது 700 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதி திருப்பித் தர வேண்டாத பணம். 2022 செப்டம்பர் முடியும் வரை பங்குதாரருக்கு ஈவுத்தொகை தரக்கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை முடிந்தது, டிசம்பர் தொடக்கத்திலேயே ஈவுத்தொகை அறிவிப்பு வந்தது! அதே டிசம்பர் இறுதியில், பனிப்புயலுக்குப் பின் பணியாளரை இடம் மாற்றி அமர்த்தும் பழைய கணினி முறை சிதைந்து, 16,000க்கு மேற்பட்ட பயணங்கள் ரத்தாயின. கருவூலப் பணம் வந்தது; கருவி மட்டும் பழையதாகவே நின்றது.

அந்த நான்கு நிலையங்களுள் ஹூஸ்டன் புஷ் நிலையத்துக்குச் சவுத்வெஸ்ட் திரும்பி வந்ததும், மற்ற மூன்றில் கால் வைத்ததும் எப்போது? அதே 2021இல்! மக்கள் பணம் கையிலிருந்தபோது வந்தார்கள், மூன்றாண்டில் போனார்கள்.

"தனியார் கம்பெனி, நட்டத்தில் ஓடு என்று சொல்ல முடியுமா?" என்பர். முன்பு ஒரு முறை இருந்தது. எந்த ஊருக்கு எந்தக் கம்பெனி, என்ன கட்டணம் என்பதை அரசு வாரியமே முடிவு செய்தது. ஓர் ஊரை விட்டுப் போக அதன் இசைவு வேண்டும். 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம் அந்தக் கட்டுகளை அவிழ்த்தது. அதனால் கட்டணம் குறைந்தது, எளியோரும் பறந்தனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. சில சிற்றூர்களுக்கு மானியமும் வைத்தனர். ஆனால் மற்ற ஊர்களுக்கு, வருவதும் போவதும் கம்பெனியின் விருப்பம் என்றாயிற்று. பழைய கட்டுகளை அப்படியே கொண்டு வா என்று நான் சொல்லவில்லை. மக்கள் பணத்தை வாங்கியவன் மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறேன். ஈவுத்தொகைக்கு நிபந்தனை போட முடிந்த அரசுக்கு, "இத்தனை ஆண்டு இவ்வூரை விட்டுப் போகாதே" என்று நீண்ட நிபந்தனை போடவும் முடியும்.

இறுதிக் காட்சியைப் பாருங்கள். நட்டம், செலவு, விமானமில்லை என்று ஏப்ரலில் ஊர்களைக் கைவிட்ட அதே கம்பெனி, அதே ஆண்டு செப்டம்பரில், 250 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே வாங்கப் போவதாக அறிவித்தது! பெருமுதல் கொண்டு நுழைந்த பங்குதாரரின் நெருக்குதல் ஒரு பக்கம். ஊருக்கு ஓட்ட இல்லாத பணம், பங்கை உயர்த்த வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் அலுவலகப் பணியாளருள் 15 விழுக்காட்டினரை, ஏறத்தாழ 1,750 பேரை, வீட்டுக்கு அனுப்பினர். அக்கம்பெனியின் வரலாற்றிலேயே அத்தகைய ஆட்குறைப்பு அதுவே முதல் முறை.

ஆலையில் பிழை செய்தவன் ஒருவன். அதைக் கண்காணிக்காது விட்டவன் ஒருவன். ஆதாயம் கண்டவன் ஒருவன். தண்டனை மட்டும் பெல்லிங்காமுக்கு, சிரக்கியூசுக்கு, ஊதியத்தை நம்பியிருந்த உழைப்பாளிக்கு!

ஆகவே தோழர்களே, 'செலவு ஏறிவிட்டது' என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும் தலையசைத்துவிட்டு வராதீர். யார் செய்த செலவு என்று கேளுங்கள். யார் தலையில் அதை எழுதினார்கள் என்று கேளுங்கள். விடை வரும் வரை கேளுங்கள்!