மாத்திரை கிடைக்கும் இடத்தில் பேசவும் ஆள் வேண்டும்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர் தூக்கமில்லை என்பார். நெஞ்சு படபடக்கிறது, கை கால் குடைகிறது, தலைவலி விடவே இல்லை என்பார். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், ஈசிஜி எடுக்கிறார்கள், சர்க்கரையும் சரியாகவே இருக்கிறது. சத்து மாத்திரையும் வாயுவுக்கு ஒரு மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். அடுத்த மாதம் அதே படபடப்போடு வேறொரு டாக்டர், அங்கே ஒரு ஸ்கேன். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனோ, தினமும் குடித்துவிட்டு வரும் கணவனோ, காரணமே பிடிபடாத பாரமோ எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. இப்படி அலைகிறவரைக் குறை சொல்ல முடியாது. மனச்சோர்வும் பதற்றமும் பலருக்கு உடம்பின் வழியாகத்தான் முதலில் வெளிப்படுகின்றன. அதைக் கேட்டு அடையாளம் காண அங்கே ஒருவர் இல்லை என்பதுதான் குறை.

தமிழகத்தின் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உளவியல் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை கிடைப்பது எவ்வளவு இயல்போ அவ்வளவு இயல்பாக. ‘தயங்காமல் உதவி கேளுங்கள்’ என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கேட்டு வருகிறவரை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு இன்னும் ஒழுங்கான பதில் இல்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பாதிப்புகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழகத்தில் 19,834 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே இதுதான் அதிகம். இவர்கள் எல்லோரும் மனநோயாளிகள் அல்லர். கடனும் குடும்பத் தகராறும் தீராத உடல்நோயும் பின்னணியில் இருக்கின்றன. ஆனால், அந்த நெருக்கடியின் நடுவே உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் பலரைக் காப்பாற்றியிருக்கலாம்.

இந்த மாநிலம் மனநலத்தில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனநல அமைப்பான ஸ்கார்ஃப், 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் இயங்கும் சிநேகா இரண்டுமே சென்னையில் பிறந்தவை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய பிறகு, கடும் மனநோய் உள்ளவர்களை எப்படி நடத்துகிறோம் என்று நாடே வெட்கத்தோடு யோசித்தது. அந்த விழிப்பு இன்னொரு பெருங்கூட்டத்தை எட்டவில்லை. காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போய்க்கொண்டே உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். வேலை ஓடுகிறவரை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. உட்கார்ந்துவிட்டால் தாயத்து, மந்திரிப்பு, அதற்கும் மேல் போனால் ஆஸ்பத்திரி.

உளவியல் சிகிச்சையில் என்ன நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. புத்திமதி சொல்லி அனுப்புவார்கள் என்று நினைக்கிறார்கள். புத்திமதிக்கு நம் வீடுகளில் என்றைக்கும் பஞ்சமில்லை. ‘எதையும் மனசுல போட்டுக்காதே’, ‘குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வா’, ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாகிடும்’. சிகிச்சை நடக்கும் விதமே வேறு. பேருந்தில் ஒருநாள் மூச்சுமுட்டி, செத்துவிடுவோமோ என்று நடுங்கி, அதிலிருந்து பேருந்தில் ஏறுவதையே விட்டுவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். தவிர்க்கத் தவிர்க்க அந்தப் பயம் வலுக்கிறது. சிகிச்சையாளர் அவரோடு சேர்ந்து திட்டம் போடுவார்: முதல் வாரம் பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டு வருவது, அடுத்து ஒரே ஒரு ஸ்டாப், பிறகு கூட்ட நேரத்தில் ஐந்து ஸ்டாப். படபடப்பு ஏறும், உச்சத்துக்குப் போகும், தானாகவே இறங்கும் என்பதை அவர் உடம்பே கற்றுக்கொள்கிறது. தூக்கம் வராமல் ஒன்பது மணிக்கே படுத்துப் புரள்கிறவரிடம் சீக்கிரம் படுங்கள் என்று சொல்ல மாட்டார்கள். கண் சொக்கிய பிறகு படுங்கள், இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள், பகலில் படுக்காதீர்கள் என்பார்கள். தூங்கியதையும் விழித்ததையும் தினமும் எழுதி வரச் சொல்வார்கள். மனச்சோர்வில் இருப்பவர், மனம் சரியானதும் செய்யலாம் என்று நிறுத்திவைத்த வேலைகளை, மனம் சரியாவதற்காகவே சிறிது சிறிதாகத் தொடங்க உதவுவார்கள். பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், சில மாதங்கள். கனிவு மட்டும் இதற்குப் போதாது. படித்துப் பழகித் தேற வேண்டிய தொழில் இது.

அந்தத் தொழில் கிடைக்காத இடத்தை மெடிக்கல் ஷாப் நிரப்புகிறது. அல்பிரசோலம் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. சீட்டோடு விற்றாலும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது விதி. என்றோ ஒரு டாக்டர் பத்து நாளுக்கு எழுதிக்கொடுத்த பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர். பிறகு மாத்திரை இல்லாமல் கண்ணே மூடாது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு உதறும். மருந்தே வேண்டாம் என்பது இந்த வாதம் அல்ல. கடுமையான மனச்சோர்வுக்கு மருந்து தேவை, அதை மனநல மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். பேசித் தீர்க்கக்கூடியதற்கும் மாத்திரை மட்டுமே வழி என்றாகிவிட்டதைத்தான் எதிர்க்கிறோம்.

வருத்தத்தையெல்லாம் நோயாக்குகிறீர்கள் என்று ஒரு மறுப்பு வரும். அப்பா இறந்த துக்கத்துக்கு யாரும் சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை. சோர்வோ ஆர்வமின்மையோ இரண்டு வாரத்துக்கும் மேல் அன்றாடம் நீடித்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் வேலையையும் குலைத்தால் ஒருவரைப் பார்ப்பது நல்லது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது, கணவன் அடிக்கும்போது, கவுன்சிலிங் என்ன செய்யும்? உண்மைதான். கடனுக்குக் கடன் நிவாரணம் வேண்டும், அடிக்குச் சட்டம் வேண்டும். அவற்றுக்குப் பதிலாக உளவியல் ஆலோசனையை நீட்டும் எந்த அரசையும் நாம் கண்டிக்க வேண்டும். ஆனால், காவல் நிலையப் படியேறவும், அண்ணன் தம்பியிடம் வாய்திறந்து சொல்லவும் தெம்பில்லாமல் ஒடுங்கிப்போனவர் அந்தத் தெம்பை முதலில் பெற வேண்டியிருக்கிறது.

நகரத்தில் தனியாரிடம் போனால் ஓர் அமர்வுக்குப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது மூன்று நாள் கூலி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் என்ற நிபந்தனையுள்ள பாலிசிகளில் வாராந்திர அமர்வுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. இந்த ஓட்டையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அடைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் சில வாரச் சான்றிதழோடு கவுன்சிலர் போர்டு மாட்டிக்கொள்ளும் நிலையும் முடிய வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்று ஒருவர் சொன்னால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வழிசெய்யும் சட்டம் 2021இல் வந்திருக்கிறது. அதை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவருவதில் இனியும் தாமதம் கூடாது.

இத்தனை உளவியலாளர்களுக்கு எங்கே போவது என்று சுகாதாரத் துறை கேட்கலாம். கோவாவில் கிடைத்திருக்கிறது விடை. மனநல ஆய்வாளர் விக்ரம் படேலின் குழுவினர், மனநலப் படிப்பு ஏதும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளிடம் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்தார்கள். வர முடியாதவரை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

வீட்டுக்கே போகும் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பெண் தன்னார்வலர்கள் மூலம் வாசலில் மாத்திரை கொடுக்கிறது. அந்தத் தன்னார்வலர்களில் விருப்பமும் பொறுமையும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர்கள் வாரந்தோறும் மேற்பார்வை செய்யட்டும். சிக்கலான நிலையில் இருப்பவரை உடனே மனநல மருத்துவரிடம் சேர்க்கும் வழி திறந்திருக்கட்டும். 14416 என்ற இலவச டெலிமானஸ் மனநல உதவி எண் இரவு பகலாகத் தமிழிலும் பேசுகிறது. அதில் அழைத்தவரைப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெயர் தெரிந்த ஒருவரிடம் சேர்த்துவிட முடிய வேண்டும்.

சின்ன ஊரில் ரகசியம் காப்பது பெரிய காரியம். ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் சட்டப்படியான உரிமை என்பதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தர வேண்டும். அதே தெருக்காரரை அதே தெருவுக்கு நியமிக்கக் கூடாது. சுகாதார நிலையத்தில் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை ஒதுக்க வேண்டும், கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரும்படி வாரத்தில் இரண்டு மாலை நேரங்களையாவது ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே சொற்ப ஊக்கத்தொகைக்கு ஓடியாடும் அந்தப் பெண் தன்னார்வலர்கள் தலையில் இதையும் சும்மா ஏற்றிவிடக் கூடாது. ஒவ்வோர் அமர்வுக்கும் தனி ஊதியம் வேண்டும். இரண்டு மாவட்டங்களில் தொடங்கி, ஓராண்டில் கிடைக்கும் பலனைப் பொதுவில் வெளியிட்டு, பிறகு மாநிலம் முழுவதும் விரிக்கட்டும். அதற்கான தொகையை வரும் பட்ஜெட்டில் தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும்.