சங்கிலி தளர்ந்தால் பழி தொழிலாளி மேலா?



தோட்டத்துக்குப் புது மெஷின் வாள் வருகிறது. கிரவீலியா தறிக்கவும், பெக்டரி அடுப்புக்கு யூகலிப்டஸ் விறகு வெட்டவும் கொடுக்கிறார்கள். இரண்டாம் நாள் சங்கிலி தொங்குகிறது. மூன்றாம் நாள் கழன்று விழுகிறது. உடனே மேலிருந்து வரும் பேச்சு ஒன்றுதான்: "புதுச் சாமானைக் கொடுத்தா இரண்டு நாள்ல ஒடச்சிட்டானுங்க." ஒரு தோட்டத்தில் இதற்கும் மேலே போய், சங்கிலியின் விலையைச் சம்பளத்தில் பிடிக்கப்போவதாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

புதுச் சங்கிலி தளரத்தான் செய்யும். அது உடைவு அல்ல. சங்கிலி என்பது பல டசின் கண்ணிகளை ஆணி போட்டுக் கோத்தது. முதலில் ஓடும்போது ஒவ்வொரு மூட்டும் படியும். மொத்த நீளம் கூடும். வெட்டும் சூட்டில் இரும்பு விரிவதும் அதோடு சேரும். அதனால்தான் புதுச் சங்கிலியை அடிக்கடி நிறுத்திப் பார்த்து இறுக்கச் சொல்லி, வாளோடு வரும் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகம் எங்கே? ஆங்கிலத்தில் அச்சாகி, ஆபீஸ் அலுமாரியில் கிடக்கிறது. வாளைப் பிடிப்பவன் கைக்கு வாள் மட்டும் வந்தது.

ஆகவே அதில் உள்ளதை நாங்களே சொல்கிறோம். எஞ்சினை நிறுத்துங்கள், சூடு ஆறட்டும். கையுறை போடுங்கள். பாரைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். பாரின் நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடி இறுக்கும் திருகாணியைத் திருகுங்கள். தொங்கிய சங்கிலி பாரின் அடிப்பக்கத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். நுனியை விடாமலே நட்டுகளை முறுக்குங்கள். பிறகு செயின் பிரேக்கை விடுவித்து, சங்கிலியைக் கையால் இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். அடியில் தொங்கக் கூடாது. சூடாக இருக்கும்போது இறுக்க நேர்ந்தால், வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறும்போது சங்கிலி சுருங்கி எஞ்சின் தண்டையும் பேரிங்கையும் இழுக்கும்.

இவ்வளவு செய்தும் அரை மணித்தியாலத்தில் மறுபடி தளர்ந்தால், மூன்று இடங்களைப் பாருங்கள். மூடியைக் கழற்றினால், இறுக்கும் திருகாணியோடு நகரும் சிறு முளை ஒன்று தெரியும். அது பாரின் துளைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காராமல் நட்டை முறுக்கினால் முளை வளையும். பிறகு எத்தனை முறை திருகினாலும் பிடிக்காது. புது வாளைப் பொருத்தும்போதே இந்தத் தவறு நடக்கலாம். பொருத்தியவர் யார் என்று கேளுங்கள். இரண்டாவது, நட்டுகள் போதிய அளவு முறுகாமல் இருக்கலாம். மூன்றாவது, எண்ணெய். பாரின் பள்ளத்தில் மரத்தூள் அடைத்தாலோ, எண்ணெய் வரும் துளை மூடிக்கொண்டாலோ சங்கிலி காய்ந்து சூடேறி நீளும். செயின் எண்ணெய்க்குப் பதிலாக லொறியிலிருந்து வடித்த பழைய எண்ணெயைக் கொடுத்துவிட்டு, சங்கிலி தேய்ந்தது ஏன் என்று கேட்பது யார் குற்றம்?

இதையெல்லாம் செய்ய ஸ்பெனர் வேண்டும், கையுறை வேண்டும், நேரம் வேண்டும். ஸ்பெனர் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது. கையுறை வரவில்லை. நேரமோ கொந்தரப்புக் கணக்கில் போகிறது. வெட்டிய விறகுக்குத்தான் காசு என்றால், வாளை நிறுத்திச் சங்கிலி பார்க்கும் பத்து நிமிடமும் தொழிலாளியின் பையிலிருந்துதான் போகிறது. அவன் நிறுத்தாமல் வெட்டுகிறான். தளர்ந்த சங்கிலி பாரை விட்டு எகிறுகிறது. அப்போது அவன் தொடைக்கும் அந்தச் சங்கிலிக்கும் நடுவே இருப்பது ஒரு காற்சட்டைத் துணி மட்டுமே. இதற்குப் பெயர் கவனக்குறைவு அல்ல. அவனை அவசரப்படுத்தியது கொந்தரப்பு.

2016 இல் நாட்டிலுள்ள மெஷின் வாள்களைப் பதிவு செய்யும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. வாளின் இலக்கத்தைக் கேட்டார்கள்; காட்டைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால் வாளைப் பிடிக்கும் ஆளுக்குப் பழக்கிக் கொடுத்தீர்களா என்று தோட்டத்தில் வந்து கேட்பவர் யார்?

சம்பளத்தில் பிடிப்பதாக மிரட்டுபவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர, அதுவும் தொழிலாளியின் சம்மதத்தோடு தவிர, சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆகவே எந்தக் கடதாசியை நீட்டினாலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வாசிக்க முடியாவிட்டால் தோட்டத் தலைவரிடமோ ஸ்கூல் பிள்ளையிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலை காரணமாக வேலையின்போது விபத்தில் காயம் பட்டால், 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் பாதுகாப்புக்கு வைத்த பாகத்தை வேண்டுமென்றே கழற்றினான் என்று காட்டி நட்டஈட்டை மறுக்க அதே சட்டத்தில் வழியும் இருக்கிறது. அதனால் பாரம் குறையட்டும் என்று செயின் பிரேக்கையோ, எகிறும் சங்கிலியைப் பிடிக்கும் கொக்கியையோ ஒருபோதும் கழற்றாதீர்கள்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. வாளோடு ஸ்பெனரும் அரமும் வெட்டும் ஆள் கையிலேயே இருக்க வேண்டும். கையுறை, கால் கவசம், கண் கண்ணாடி, சரியான செயின் எண்ணெய் தோட்டச் செலவில் வர வேண்டும். புத்தகத்தில் உள்ளதைத் தமிழில் எழுதி ஸ்டோர் கதவில் ஒட்ட வேண்டும். முதல் நாள் வெட்டு பழக்கும் நாளாக இருந்து, அதற்கு முழுப் பேர் விழ வேண்டும். சங்கிலி பார்க்கும் நேரமும் வேலை நேரமே.

இதைத் தோட்டக் கமிட்டியில் தீர்மானமாக எழுதி, துரையிடம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அந்தப் பிரதியோடு மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். அது வரைக்கும், சங்கிலி தொங்கும் வாளை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். யார் சொன்னாலும் சரி.