தேரி மணலும் பீட்லாக் வளையமும்

திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்திருக்கிறீர்களா? செக்கச்செவேலென்று மணல், நடந்தால் கணுக்கால் வரை புதையும். இதை ஒரு வீடியோவில் பார்த்துவிட்டால் போதும், ஜீப்போ தாரோ வைத்திருக்கும் பையன்களுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். வண்டியை உயர்த்து, பெரிய டயர் போடு, அப்புறம் சக்கரத்தைச் சுற்றிவர போல்ட் வைத்த வளையம் போடு... அந்த வளையம்தான் பீட்லாக். அதை ரோட்டில் ஓட்டலாமா, கூடாதா என்று விடிய விடிய சண்டை நடக்கிறது. தூத்துக்குடியில் கவலைப்பட வேண்டிய வளையம் வேறு ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் பீட்லாக் என்றால் என்ன? டயரின் உள் ஓரத்தில் கம்பி வைத்த தடித்த விளிம்பு ஒன்று உண்டு, அதற்குப் பெயர் பீட். சாதாரண சக்கரத்தில் அதை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். மணலில் ஓட்டுகிறவர்கள் காற்றை இறக்குவார்கள். 30 பி.எஸ்.ஐ. இருந்ததை 15 ஆக்கினால் டயர் தட்டையாகி மணலில் நீளமாகப் படியும், புதையாது. 10க்கும் கீழே இறக்கினால்தான் வம்பு. பிடித்து வைக்கக் காற்று போதாமல், ஒரு வெட்டுத் திருப்பத்தில் பீட் ரிம்மை விட்டு இறங்கிவிடும். பீட்லாக் இந்த வேலையைப் போல்ட்டிடம் கொடுத்துவிடுகிறது. வெளிப்பக்கத்து பீட்டை ரிம்முக்கும் ஒரு வளையத்துக்கும் நடுவே வைத்து, இருபது முப்பது போல்ட்டுகளால் இறுக்கிவிடுவார்கள். அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டிகளில் காற்றே போனாலும் டயர் கழலாமல் ஓடுவதற்கு இதே யோசனையை இன்னொரு வடிவில் வைத்திருக்கிறார்கள்.

பாறை ஏறுகிறவனுக்கும் பந்தயம் ஓட்டுகிறவனுக்கும் இது தேவை. தேரி மணலுக்கு? 15 பி.எஸ்.ஐ.யும், திரும்பி வரும்போது காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரசரும் போதும். தவிர, குதிரைமொழித் தேரி காப்புக்காடு. கேட்காமல் கொள்ளாமல் வண்டியை இறக்கி உழுதுவிட்டு வர அது யார் அப்பன் வீட்டுக் களமும் இல்லை. ஆக, ஊருக்குள் வளையத்தோடு திரிகிற வண்டிகளில் பெரும்பாலானவை அழகுக்குத்தான். இதில் பெரிய வேடிக்கை, பொய் பீட்லாக்! எதையும் பிடிக்காத போல்ட் தலைகளைச் சும்மா சுற்றிவர ஒட்டி விற்கிறார்கள். ஒரு விதத்தில் அதுதான் ஆபத்தில்லாதது :-)

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். (நாலு சக்கரத்துக்கு ஒரு மாற்றமா, நாலு மாற்றமா என்று வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும்.) ரிம்முக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று 2020ல் தரக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. அதனால் எங்கோ லேத்தில் கடைந்து, வெல்டிங் வைத்து ஒட்டிய வளையத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அந்த வளையத்தைப் பற்றித்தான் இருக்கும்.

இது நியாயமா என்றால், நியாயம்தான். காரணம் வளையம் இல்லை, பராமரிப்பு. பீட்லாக்கை மாட்டிவிட்டு மறந்துபோக முடியாது. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி முடுக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் இருக்கும் ரப்பர் அமுங்கியிருக்கும். அப்புறமும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு போல்ட் தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்து போல்ட்டுக்குப் போகும், அது போனால் அடுத்ததுக்கு. இதில் தூத்துக்குடிக்கு மட்டும் கூடுதலாக ஒரு எதிரி உண்டு: உப்பு. அலுமினிய ரிம்மில் இரும்பு போல்ட்டைப் போட்டு உப்புக் காற்றில் நிறுத்தினால், இரண்டு உலோகமும் சேருமிடத்தில் வெள்ளையாகப் பொடி கட்டும். அதுவே போல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். ரெஞ்ச் 'டக்' என்று சத்தம் கொடுக்கும், உள்ளே வளையமோ இறுகியிருக்காது. பல் விலக்கவே சோம்பல்படுகிறவன் இருபத்திநாலு போல்ட்டை மாதாமாதம் கழுவி முடுக்குவான் என்று எப்படி நம்புவது?

இப்போது அந்த இன்னொரு வளையம். துறைமுகச் சாலையில் உப்பும் நிலக்கரியும் கண்டெய்னரும் ஏற்றி நிற்கும் லாரிகளைப் பாருங்கள். புதிய வண்டிகளில் ட்யூப்லெஸ் வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் ட்யூப் டயர், ஃபிளாப், பல துண்டு ரிம் இன்னும் ஏராளம். அந்த ரிம்மிலும் டயரைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வளையம்தான். போல்ட் எதுவும் கிடையாது. ரிம்மில் உள்ள ஒரு பள்ளத்தில் லாக் ரிங் உட்கார்ந்திருக்கும், காற்றழுத்தமே அதை அங்கே நிறுத்தி வைக்கும். லாரி டயருக்கு நூறு பி.எஸ்.ஐ. சர்வ சாதாரணம். ஒரு சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டு என்று டயரின் பக்கப் பரப்பு முழுக்கக் கணக்குப் போட்டால் டன் கணக்கில் வரும். பள்ளம் துருவேறியிருந்தாலோ, வளையம் நெளிந்திருந்தாலோ, வேறு ரிம்மின் வளையத்தை மாற்றிப் போட்டிருந்தாலோ, காற்றடிக்கும்போது அது பறக்கும். எதிரே குனிந்திருப்பவர் பஞ்சர் கடைப் பையன். சரியாக உட்காரவில்லை என்று காற்று இருக்கும்போதே சம்மட்டியால் தட்டுவது வேறு!

எஃப்.சி. காட்டும்போது இது தெரியுமா? தெரியாது. பள்ளம் டயருக்கு அடியில் இருக்கிறது, கழற்றினால்தான் பார்க்க முடியும். கழற்றுகிற ஒரே ஆள் அந்தப் பையன். ரிம்மை நிராகரிக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை. "ஓடும்டா, போடு" என்று டிரைவர் அண்ணன் சொன்னால் போட வேண்டியதுதான்.

அமெரிக்காவில் 1980லேயே இதற்குத் தனி விதி எழுதிவிட்டார்கள். பல துண்டு ரிம்மை இரும்புக் கூண்டு மாதிரித் தடுப்புக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். வால்வில் தானாகக் கவ்விக்கொள்ளும் கிளிப், நடுவில் அடைப்பான், ஆள் தள்ளி நிற்கிற அளவுக்கு நீளமான குழாய். விரிசல் விட்ட, துரு அரித்த பாகத்தைத் திரும்ப மாட்டக் கூடாது. வேலை செய்கிறவருக்குப் பயிற்சி கொடுப்பது முதலாளியின் கடமை. இதில் ராக்கெட் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?

ஒரு ஜீப்பை ஓரங்கட்டி 5000 ரூபாய் எழுதுவது சுலபம், போட்டோவும் நன்றாக வரும். எழுதட்டும், தப்பில்லை. அதே ஆட்கள் ஒரு நாள் துறைமுகச் சாலையில் டயர் கடை டயர் கடையாக ஏறி இறங்கினால், எந்தக் கடையில் கூண்டு இருக்கிறது, எங்கே இல்லை என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும். கூண்டு வாங்கும் செலவைப் பஞ்சர் கடைக்காரர் தலையில் கட்ட வேண்டாம். லாரி முதலாளிகளும் சரக்கு அனுப்புகிறவர்களும் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு டயர் விலைகூட வராது. கிளிப்பும் நீளக் குழாயும் அதைவிட மலிவு. கூண்டு வந்து சேரும் வரைக்கும் அந்தப் பையன் வளையத்துக்கு நேர் எதிரே குனியாமல், நாலு எட்டு தள்ளிப் பக்கவாட்டில் நின்றாவது காற்றடிக்கலாம்.