வெள்ளோட்டம் பார்த்த பிறகே வெளியூர்!

வெள்ளிக்கிழமை மாலையில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரு வேடிக்கையைக் காணலாம். கார் ஓடுகிறது. அதன் பின்னால் ஒரு வீடு ஓடுகிறது!

ஆம், வீடேதான். கதவு உண்டு. ஜன்னல் உண்டு. கட்டில், அடுப்பு, ஐஸ் பெட்டி, குளியல் அறை எல்லாம் உண்டு. அடியில் சக்கரங்கள். முன்னால் ஓர் இரும்புக் கை. அந்தக் கையைக் காரின் பின்புறத்தில் மாட்டி இழுத்துப் போகிறார்கள். இதற்கு "டிராவல் டிரெய்லர்" என்று பெயர். இங்கிலாந்தில் "காரவன்" என்பார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏரிக்கரையிலோ மலை அடிவாரத்திலோ குடும்பத்தோடு தங்குவார்கள். குழந்தைகள் மரம் ஏறும். பெரியவர்கள் மீன் பிடிப்பார்கள். இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவார்கள்.

நல்ல வழக்கம்தான். ஆனால் இதில் ஒரு குறை புகுந்திருக்கிறது. புதிய வண்டியையும் புதிய சாமான்களையும் வாங்கியதும், ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காமல் நேரே காட்டுக்குக் கொண்டு போகிறவர்கள் பலர். இது தவறு. பணத்துக்குக் கேடு, சில சமயம் உயிருக்கும் கேடு.

டாக்டர் காட்டிய வழி

இந்தப் பொழுதுபோக்கு எப்படிப் பிறந்தது தெரியுமா? 1885-ம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர் இங்கிலாந்தில் இருந்தார். கப்பற்படையில் வேலை பார்த்தவர். கதைகளும் எழுதுவார். நாடு சுற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் சொல்லி, ஒரு வீட்டையே வண்டியாகச் செய்யச் சொன்னார். அதற்கு "வாண்டரர்" என்று பெயர் வைத்தார். "ஊர் சுற்றி" என்று பொருள். இரண்டு குதிரைகள் அதை இழுத்தன. நாய், கிளி இரண்டையும் கூட்டிக்கொண்டு, தெற்கு இங்கிலாந்திலிருந்து வடக்கே ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரம் வரை போனார்.

அவர் ஒரு காரியம் செய்தார். வண்டி வந்ததும் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிவிடவில்லை. முதலில் பக்கத்திலேயே ஒரு வெள்ளோட்டம் போய்ப் பார்த்தார். எது ஆடுகிறது, எது உருளுகிறது, மழை வந்தால் என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் நெடும் பயணம்.

குதிரை வண்டிக் காலத்து மனிதருக்கு இருந்த நிதானம், மோட்டார் காலத்து மனிதருக்கு இருக்க வேண்டாமா?

ஒரே ஆண்டில் ஆறு லட்சம்!

கொரோனா நோய் பரவிய காலத்தில் ஹோட்டல்களில் தங்க மக்கள் பயந்தார்கள். விமானத்தில் ஏறவும் தயங்கினார்கள். சக்கர வீடுகளின் மீது எல்லோர் கண்ணும் விழுந்தது. 2021-ம் ஆண்டில் மட்டும் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து இவ்வகை வண்டிகள் சுமார் 6 லட்சம் வெளிவந்தன. அவற்றில் பெரும்பாலானவை கார் இழுக்கும் டிரெய்லர்கள். அதற்கு முன் அப்படி ஓர் ஆண்டு இருந்ததே இல்லை.

ஆசை வந்த வேகத்திலேயே அடங்கியது. 2023-ம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 3 லட்சத்துச் சொச்சமாகச் சரிந்தது.

இவ்வளவு வண்டிகளை வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன் ஒரு தள்ளுவண்டியைக்கூட இழுத்து அறியாதவர்கள். அதைச் சட்டமும் கேட்பதில்லை. சாதாரண டிரெய்லர் இழுக்க அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தனி லைசென்ஸ் தேவையில்லை. இங்கிலாந்திலும் 2021 டிசம்பர் முதல் தனிப் பரீட்சையை நீக்கிவிட்டார்கள். பரீட்சை வைக்க யாரும் இல்லை என்றால், தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வால் ஆடினால் ஆபத்து

டிரெய்லரில் சாமான் ஏற்றுவது ஒரு கலை. வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு, காரோடு மாட்டும் இடத்தில் அழுத்த வேண்டும் என்பது அமெரிக்காவில் உள்ள கணக்கு. வண்டி 2,000 கிலோ என்றால், முன்பக்கம் 200 முதல் 300 கிலோ வரை அழுத்த வேண்டும்.

புதிதாக வாங்கியவருக்கு இது தெரியாது. சைக்கிள்களைப் பின்னால் கட்டுவார். புது நாற்காலிகளையும் பின்னால் அடுக்குவார். முன்பக்கம் லேசாகிவிடும். வேகம் கூடியதும் டிரெய்லர் நாய் வால் போல இப்படியும் அப்படியும் ஆடும். காரையும் சேர்த்து ஆட்டும். கவிழ்ந்தாலும் கவிழும்.

அந்த நேரத்தில் பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருப்புவதும் நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். டிரெய்லர் பிரேக்கைத் தனியாக இயக்கும் கருவி காரில் இருந்தால், அதைக் கையால் அழுத்தலாம். இதையெல்லாம் நெடுஞ்சாலையில் அறுபது மைல் வேகத்தில் கற்றுக்கொள்ள முடியுமா?

எடையில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. கடைக்காரர் காட்டும் காகிதத்தில் இருப்பது காலி வண்டியின் எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 150 கிலோ கூடிவிடும். பாத்திரம், துணி, படுக்கை எல்லாம் அதற்கு மேல். ஏற்றிய வண்டியை எடைமேடையில் நிறுத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மணம் இல்லாத எமன்

புதுச் சாமான்களில் மிகவும் எச்சரிக்கை வேண்டியவை நெருப்புச் சாமான்கள்.

டிரெய்லர் அடுப்பு பெரும்பாலும் புரோபேன் வாயுவில் எரியும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தங்கும். அதனால்தான் கசிவை அறிவிக்கும் கருவியைத் தரைக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால், குமிழி வரும் இடத்தில் கசிவு இருக்கிறது என்று அறியலாம். சோதனைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

இதைவிடக் கொடியது கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. கரி அடுப்பு எரிந்தாலும் ஜெனரேட்டர் ஓடினாலும் அது வெளிவரும். குளிருக்குப் பயந்து கரி அடுப்பை டிரெய்லருக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுவந்து வைத்து, தூக்கத்திலேயே உயிர் விட்டவர்கள் உண்டு. வெளியே வைத்த ஜெனரேட்டரின் புகை ஜன்னல் வழியாக உள்ளே புகுவதும் உண்டு.

தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை இதன் அறிகுறிகள். கருவி மணி அடித்தால் உடனே எல்லோரும் வெளியே ஓடிவர வேண்டும். ஆனால் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தவர் எத்தனை பேர்?

வீட்டு வாசலில் முதல் முகாம்

இதற்கெல்லாம் மருந்து மிக எளிது. முதல் முகாமை வீட்டு வாசலிலேயே போட வேண்டும்!

வண்டியை நிறுத்தியதும் காரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும். பிறகு வண்டியைச் சமமாக நிறுத்த வேண்டும். ஏன் தெரியுமா? பல டிரெய்லர்களில் உள்ள ஐஸ் பெட்டி நெருப்பின் சூட்டைக்கொண்டே குளிர்ச்சி உண்டாக்குகிறது! 1922-ல் ஸ்வீடன் நாட்டு மாணவர்கள் இரண்டு பேர் உருவாக்கிய முறை அது. வண்டி சாய்ந்து நின்றால் அந்தப் பெட்டி சரியாக வேலை செய்யாது. வாங்கி வைத்த பாலும் இறைச்சியும் கெட்டுவிடும்.

அன்று இரவு குடும்பமே டிரெய்லரில் படுத்துப் பார்க்கட்டும். அங்கேயே சமைக்கட்டும். புது விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது, தண்ணீர் எத்தனை நேரம் வருகிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று அப்போது தெரிந்துவிடும். ஒரு திருகாணி குறைந்தால் வீட்டுக்குள் போய் எடுத்து வரலாம். காட்டில் யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் காலையில் ஆள் இல்லாத மைதானத்துக்குப் போய், பின்னால் நகர்த்திப் பழகட்டும். கார் திரும்பும் திசைக்கு எதிர்த் திசையில் டிரெய்லர் திரும்பும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஸ்டியரிங் சக்கரத்தின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். அரை நாள் பழகினால் கை வந்துவிடும்.

அம்மாவுக்கும் விடுமுறை

இன்னொரு சங்கதியும் உண்டு. அதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

அப்பா புதுக் கருவியின் விளக்கப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாளும் போராடுகிறார். அம்மா குறுகிய இடத்தில் குனிந்து சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். குழந்தைகள் "எப்போது ஏரிக்குப் போகலாம்?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப் போகிறார்கள். ஞாயிறு மாலை வந்துவிடுகிறது. ஏரியை யாரும் பார்க்கவில்லை!

இதற்குப் பெயர் விடுமுறையா? சமையல் அறையைக் காட்டுக்கு மாற்றினால் மட்டும் அம்மாவுக்கு ஓய்வு கிடைத்துவிடாது. வேலையைப் பங்கு போட வேண்டும். தண்ணீர் பிடிப்பது ஒருவர், பாத்திரம் கழுவுவது ஒருவர், கழிவுத் தொட்டியை அதற்கென்று உள்ள இடத்தில் காலி செய்வது ஒருவர் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்தால் சண்டை வராது.

"இரண்டே நாள் விடுமுறை, அதில் ஒன்றை வீட்டு வாசலில் கழிப்பதா?" என்று சிலர் கேட்கலாம். "புதுச் சாமானைப் புது இடத்தில் பிரித்துப் பார்ப்பதுதானே சந்தோஷம்?" என்றும் கேட்கலாம்.

சந்தோஷம்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் புதுச் செருப்புக் கடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு யாராவது முதல் நாளே மலை ஏறுவார்களா? ஒரு நாளை வாசலில் செலவழித்தால், பின்னால் வரும் பல வாரங்கள் நிம்மதியாகக் கழியும். அந்த ஒரு நாளிலும் குழந்தைகளுக்குக் குறைவில்லை. வாசலில் நிற்கும் சக்கர வீட்டில் படுப்பதே அவர்களுக்குப் பெரிய திருவிழா!

வாங்குவதிலும் நிதானம் வேண்டும். முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று தடவை போய் வந்த பிறகும் ஆசை நிலைத்தால் வாங்கலாம். சாமான்களையும் அப்படியே. எது இல்லாமல் கஷ்டப்பட்டார்களோ அதை மட்டும் அடுத்த தடவை வாங்கினால், பணமும் மிஞ்சும். வண்டியின் பாரமும் குறையும்.

1959-ம் ஆண்டில் வாலி பியாம் என்ற அமெரிக்கர், தம் தொழிற்சாலையில் செய்த ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்களின் பெரிய அணிவகுப்பு ஒன்றுக்குத் தலைமை வகித்தார். தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் புறப்பட்டு, எகிப்தின் கெய்ரோ வரை போனார்கள். ஒரு கண்டத்தையே டிரெய்லரில் கடக்கலாம் என்று காட்டினார்கள். அவர் அதற்கு முன் பல ஆண்டுகள் சிறிதும் பெரிதுமாகப் பல பயணங்களை நடத்திப் பழகியவர்.

கோயில் தேர் எவ்வளவு அழகாகச் செய்யப்பட்டிருந்தாலும், சுவாமியை ஏற்றுவதற்கு முன் வெள்ளோட்டம் விடுவார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே திருவிழா. மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டாமா?

வாசலில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். ஏரி எங்கும் ஓடிவிடாது. அடுத்த சனிக்கிழமையும் அங்கேயேதான் இருக்கும்!