எஜமானுக்கு நஷ்டஈடு! அடிமைக்கு என்ன?



மேற்கு ஆப்பிரிக்காவில் மொரித்தானியா என்றொரு நாடு. மக்களில் ஏறக்குறைய அனைவரும் முஸ்லிம்கள். நாட்டின் பெயரிலேயே 'இஸ்லாமியக் குடியரசு' இருக்கிறது. உலக நாடுகள் எல்லாம் சட்டம் போட்டு முடித்த பிறகு, கடைசியாக 1981இல்தான் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அந்தச் சட்டத்திலும் நஷ்டஈடு பற்றி ஒரு பிரிவு வைத்தார்கள். யாருக்கு நஷ்டஈடு? தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி ஒட்டகம் மேய்த்தவனுக்கா? கிணற்றில் நீர் இறைத்துப் பேரீச்சந் தோப்பை வளர்த்தவனுக்கா? இல்லை! அவனை அடிமையாக வைத்திருந்த எஜமானுக்கு!

வியாபாரிகளே! கணக்கு வழக்குத் தெரிந்தவர்கள் நீங்கள். நூறு வருடக் கூலி பாக்கி வைத்தவன் கடனாளியா, அந்தக் கூலியை இழந்தவன் கடனாளியா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இதைப் பேசினால் நம்மவர்களிலேயே சிலருக்குக் கோபம் வருகிறது. "அதெல்லாம் மேற்கத்தியர்களின் பிரச்சாரம். இஸ்லாத்திற்குக் கெட்ட பெயர் வந்துவிடும். மூடி வையுங்கள்" என்கிறார்கள். யார் இந்தப் பிரச்சனையைக் கிளப்பியது? 1978இல் 'அல்-ஹுர்' இயக்கத்தைத் தொடங்கியவர்கள் அடிமை வம்சத்தில் வந்த ஹராத்தீன் முஸ்லிம்கள். 1980இல் அதார் நகரில் ஒரு பெண் விற்கப்பட்டபோது வீதிக்கு வந்து கைதானவர்களும் அவர்கள்தான். கலிமா சொன்னவனின் கண்ணீரையா மேற்கத்தியப் பிரச்சாரம் என்கிறீர்கள்?

மேற்கத்தியரின் யோக்கியதையும் நமக்குத் தெரியும். பிரான்ஸ் தன் மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகளில் அடிமை வியாபாரத்தைத் தடை செய்து 1905இல் ஆணை போட்டது. ஆனால் மொரித்தானியாவை ஆள்வதற்குக் குலத்தலைவர்களின் தயவு தேவைப்பட்டது. எனவே கூடாரங்களுக்குள் நடந்ததை அது கண்டுகொள்ளவில்லை. 1960இல் விடுதலை வந்தது. எஜமானின் கொடி மாறியது. அடிமையின் நிலை மாறவில்லை.

வரிசை எப்படி உருவானது?

17ஆம் நூற்றாண்டில் அந்தப் பாலைவனத்தில் நீண்ட யுத்தம் ஒன்று நடந்தது. வென்ற ஹஸ்ஸான் குலங்கள் ஆயுதத்தை வைத்துக்கொண்டன. தோற்ற ஸவாயா குலங்களுக்கு மார்க்கக் கல்வியும் வியாபாரமும் மிஞ்சின. இவர்களுக்குக் கீழே கப்பம் கட்டும் குலங்கள். கொல்லர்களும் பாடகர்களும் தனித்தனி வரிசை. எல்லோருக்கும் அடியில் அடிமைகள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. விடுதலை பெற்றவனின் வம்சமும் 'ஹராத்தீன்' என்ற பெயரைச் சுமந்தே வாழ்ந்தது.

இளைஞர்களே, சூட்சுமத்தைக் கவனியுங்கள்! ஆயுதம் ஒருவன் கையில், கிதாபு இன்னொருவன் கையில். இரண்டு பேரின் கூடாரத்திலும் வேலை செய்தவன் அடிமை. ஆயுதம் அவன் உடலைக் கட்டியது. 'எஜமானுக்குக் கீழ்ப்படிந்தால்தான் சொர்க்கம்' என்ற போதனை அவன் உள்ளத்தைக் கட்டியது. எது பலமான சங்கிலி?

சட்டம் ஏன் தோற்றது?

1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடிமை வைத்திருப்பவனுக்குத் தண்டனையே கிடையாது. தண்டனை வருவதற்கு 2007வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் முதல் தீர்ப்பு 2011இல்தான் வந்தது. இரண்டு சிறுவர்களை அடிமைகளாக வைத்திருந்தவனுக்கு இரண்டு ஆண்டுச் சிறை! அவனும் சில மாதங்களில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். 2015இல் தண்டனையை 20 ஆண்டுகள்வரை உயர்த்தினார்கள். ஆனால் புகாரை எழுத வேண்டிய அதிகாரியும், விசாரிக்க வேண்டிய நீதிபதியும் பெரும்பாலும் எஜமான் குலத்திலிருந்தே வருகிறார்கள். அடிமை யாரிடம் போய் முறையிடுவான்?

நிலமும் அப்படித்தான். 1983இல் குலங்களின் பொதுச் சொத்தாக இருந்த பழைய முறையை மாற்றி, தனியார் உடைமைக்கு வழி செய்தார்கள். பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் பத்திரம் பதிந்துகொண்டார்கள். உழுதவன் உழுதவனாகவே நின்றான்.

ஒரு ஹராத்தீன் 2003இல் பிரதமரானார். அல்-ஹுர் இயக்கத்தின் மஸ்ஊத் வலது பில்கைர் 2007இல் சபாநாயகரானார். மறுக்கவில்லை. ஆனால் நாட்டின் மிகப் பெரிய மக்கள் தொகுதி என்று கணிக்கப்படும் இவர்களிலிருந்து 1960 முதல் இன்றுவரை ஒருவர்கூட ஜனாதிபதியானதில்லை. பிராம் தாஹ் அபைத் 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இரண்டாம் இடத்தோடு நின்றார்.

இதே பிராம்தான் 2012இல், அடிமை முறைக்கு நியாயம் கற்பிக்கின்றன என்று கூறி மாலிக்கி மத்ஹபின் ஃபிக்ஹு கிதாபுகள் சிலவற்றைத் தலைநகர் நுவாக்சோட்டில் எரித்தார். அந்தச் செயலை நான் ஏற்கவில்லை. கிதாபுக்குப் பதில் கிதாபுதான், நெருப்பல்ல. ஆனால் ஒரு கேள்வி. அவருக்கு மரண தண்டனை கேட்டு மக்கள் ஊர்வலம் போனார்களே, காகிதம் எரிந்ததற்குப் பொங்கிய அந்த ரோஷம், தாயிடமிருந்து பிரித்து ஒரு பிள்ளையை அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பியபோது எங்கே போயிருந்தது?

பிலால் (ரலி) அவர்களைக் கஅபாவின் மேல் ஏற்றிப் பாங்கு சொல்ல வைத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். குறைஷித் தலைவர்கள் கீழே நின்று கேட்டார்கள். அந்த வரலாற்றை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். பிலாலின் வரிசையில் பிறந்தவன் இன்று கேட்பது பெருமைப் பேச்சு அல்ல. உழுத நிலத்துக்குப் பத்திரம் கேட்கிறான். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கூடமும் கேட்கிறான். நீதிமன்றத்தில் நியாயம் கேட்கிறான். நஷ்டஈடு என்று ஒன்று உண்டானால் அது தனக்கே என்கிறான்.

இதைப் பேசுவதால் இஸ்லாத்திற்குக் கெட்ட பெயர் வராது. மூடி வைப்பதால்தான் வரும். வாய் மூடி நிற்பவன் மார்க்கத்தைக் காப்பாற்றவில்லை, எஜமானைக் காப்பாற்றுகிறான்!