கடன் தீர்ந்தது, நாணயம் திரும்ப வேண்டாமா?

சென்ற மாதம் கிளைக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு கிராணியார் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஐந்து ஆண்டுகளாக மாதந்தவறாமல் கட்டி, பட்ட கடன் அத்தனையும் தீர்ந்தது என்று சொல்லும் கடிதம் அது. நாம் மகிழ்ந்து கை கொடுத்தோம். அவர் முகம் மலரவில்லை.

"கடன் தீர்ந்தது, அண்ணே. ஆனால் ஒரு வங்கியில் கார்டு கேட்டேன்; இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால் என்ன சொல்வார்களோ! கட்டாமல் ஓடியவனுக்கும் கட்டி முடித்த எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றார்.

அந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அன்று. வெளியே சொல்ல வெட்கப்பட்டு உள்ளுக்குள் புழுங்குகிற தோழர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஆகவே அதற்கான பதிலைப் பத்திரிகை வாயிலாகவே சொல்வது நலம் என்று கருதுகிறோம்.

முதலில், அவர் எவ்வாறு கடனை அடைத்தார் என்பதைச் சொல்லிவிடுவோம். நம் நாட்டு மத்திய வங்கியாகிய பேங்க் நெகாரா, 2006-ஆம் ஆண்டில் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தைத் தோற்றுவித்தது. பல வங்கிகளில் கடன்பட்டு மூச்சுத் திணறுகிறவர் அங்கே போனால், அவருடைய சம்பளம், குடும்பச் செலவு, பாக்கி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, வங்கிகளோடு பேசி, தாங்கக்கூடிய மாதத் தவணையாக மாற்றிக் கொடுப்பார்கள். இதற்குக் கட்டணம் ஒரு காசும் கிடையாது. ஆனால் தவணை முடியும்வரை பழைய கார்டுகளை உபயோகிக்க முடியாது. புதுக் கடனுக்கும் கை நீட்டக்கூடாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் அந்த ஆண்டுகளைத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளி முடித்தவரை நாம் குற்றவாளியைப் போலப் பார்க்கலாமா?

நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்தை நம் மக்கள் நாணயச் சங்கம் என்று அழைத்தது எவ்வளவு பொருத்தம்! காசு போனாலும் சொல் நின்றால் காசு திரும்பி வரும். சொல் போனால் இருக்கிற காசும் நில்லாது.

கடைக்காரர் வைத்திருந்த 555 நோட்டை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் என்று மாதம் முழுவதும் அதில் எழுதுவார். சம்பளத்தன்று கணக்குத் தீர்ந்தால் கோடு போட்டு அடிப்பார். ஒரு மாதம் பாக்கி நின்றால் அவர் முகம் மாறும். மூன்று மாதம் நின்றால் சாமான் நின்றுவிடும். பாக்கியைத் தீர்த்த மறுநாளே ஒருவர் மூட்டை அரிசியைக் கடனாகக் கேட்டால் அந்தக் கடைக்காரர் கொடுப்பாரா? கொடுக்கமாட்டார். முதலில் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்பார். அது ஒழுங்காக வந்தால் அடுத்த மாதம் கூடக் கொடுப்பார்.

வங்கிகளுக்கும் இப்படி ஒரு 555 நோட்டு உண்டு. அதற்கு சிக்ரிஸ் என்று பெயர். அதை நடத்துவது பேங்க் நெகாரா. ஒருவர் பெயரில் நடப்பில் இருக்கும் கடன்களும், கடந்த 12 மாதங்களில் மாதா மாதம் அவர் தவணை கட்டிய விதமும் அதில் பதிந்திருக்கும். பூஜ்யம் இருந்தால் பாக்கி இல்லை என்று பொருள். 1 என்றால் ஒரு மாதப் பாக்கி, 2 என்றால் இரண்டு மாதப் பாக்கி. நம் மக்கள் பயந்து பேசுகிறார்களே, 'கறுப்புப் பட்டியல்' என்று, அப்படி ஒரு பட்டியல் சிக்ரிஸில் கிடையாது. ஏடு விவரத்தை மட்டும் காட்டுகிறது. கடன் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த வங்கியின் முடிவு.

கிராணியாரின் துன்பத்திற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கடன் முழுவதும் தீர்ந்தால் அந்தக் கணக்கு ஏட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. புதிய கணக்கோ ஒன்றும் இல்லை. ஐந்து ஆண்டு பட்டினி கிடந்து கட்டிய மனிதர், வங்கிக்காரர் கண்ணுக்கு ஒரு வெறுந்தாளாகத் தெரிகிறார்! அந்த வெறுந்தாளில் புதிதாக எழுதத் தொடங்க வேண்டும். வேறு வழியில்லை. ஆனால் எழுத முடியும் என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

"கார்டால் கெட்டவன் மறுபடியும் கார்டு கேட்பதா? வெட்டிக் குப்பையில் எறிந்துவிட்டுக் கைக்காசில் காலம் தள்ள வேண்டியதுதானே!" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அனுபவத்தில் சொல்கிறார்கள். அதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். தோட்டத்து வீடு யாருடைய வீடு? நிர்வாகத்தின் வீடு. வேலை முடிந்தால் சாவியை ஒப்படைக்க வேண்டிய வீடு. ஐம்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய குடும்பம், ஓய்வு பெற்ற பிறகு எங்கே போய்த் தலை சாய்க்கும்? சொந்த வீட்டை ரொக்கமாக வாங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? வீட்டுக் கடன் வேண்டுமென்றால் வங்கியின் ஏட்டில் நம் பெயர் நன்றாக இருக்க வேண்டும். ஆகவே நாணயத்தைத் திரும்பப் பெறுவது ஆடம்பரத்திற்கு அன்று. நம் தலைக்கு மேல் ஒரு கூரைக்காக.

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, கடிதம். கடன் முடிந்தது என்பதற்கு ஏ.கே.பி.கே.யிடமும், சம்பந்தப்பட்ட ஒவ்வொரு வங்கியிடமும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். அதைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். புதிய வங்கிக்குப் போகும்போது ஏடு சொல்லாததை அந்தக் கடிதம் சொல்லும்.

இரண்டாவது, ஏட்டை நீங்களே பாருங்கள். ஈ-சிக்ரிஸ் என்ற இணைய வழியில் உங்கள் விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். கைப்பேசி பழகாத தோழர்கள் கிளைச் செயலாளரையோ, வீட்டில் படிக்கிற பிள்ளையையோ கேட்டுக்கொள்ளலாம். தீர்ந்த கடன் தீராதது போல் நின்றால், அதைப் பதிவு செய்த வங்கிக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். சி.டி.ஓ.எஸ். போன்ற தனியார் நிறுவனங்களும் இத்தகைய விவரங்களை வைத்திருக்கின்றன. தம்மைப் பற்றிய விவரத்தைப் பார்க்கவும், பிழையைத் திருத்தக் கேட்கவும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது. உரிமை இருந்தும் கேட்காமல் இருப்பது யார் குற்றம்?

மூன்றாவது, அவசரப்படாதீர்கள். ஒரு வங்கி மறுத்த ஆத்திரத்தில் ஒரே வாரத்தில் நாலு வங்கிக்கு மனுப் போடுகிறவர்கள் உண்டு. மனுப் போட்ட விவரமும் ஏட்டில் தெரியும். பணத்துக்குப் பறக்கிறான் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். ஏன் மறுத்தீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். குறையைத் தீர்த்துக்கொண்டு சில மாதங்கள் பொறுத்துப் போங்கள்.

நான்காவது, முதலில் சேமிப்பு. ஐந்து ஆண்டுகளாகத் தவணை கட்டிப் பழகிய கை இருக்கிறதே, அந்தக் கையை நிறுத்தாதீர்கள். மாதம் 300 வெள்ளி தவணை கட்டியவர், தவணை முடிந்த மறுமாதமே 200 வெள்ளியைச் சேமிப்பில் போடத் தொடங்கட்டும். வைப்புத் தொகையைப் பிணையாக வைத்துக்கொண்டு கார்டு கொடுக்கும் வங்கிகளும் உண்டு. நிபந்தனை வங்கிக்கு வங்கி மாறும், விசாரித்து அறியுங்கள். நம் சொந்தப் பணத்தின் பிணையில் வாங்கும் அந்த ஒரு கார்டே வெறுந்தாளில் முதல் வரி. 12 மாதங்கள் பூஜ்யமாக எழுதிக் காட்டினால் அடுத்த கதவைத் தட்டத் தைரியம் வரும்.

கார்டு விதிகளையும் அறிந்துகொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 24,000 வெள்ளிக்குக் குறைந்தவருக்குப் பொதுவாகக் கடன் கார்டு கிடையாது. 2025-ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் வாங்குகிற பால்மரத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 20,400 வெள்ளிதான் வருகிறது. அவர் கார்டு கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம், விதி அவ்வளவுதான். மாதம் 2,000 வெள்ளி வாங்குகிற கிராணி வாசற்படியில் நிற்கிறார். ஆண்டுக்கு 36,000 வெள்ளி வரை வருமானம் உள்ளவர் இரண்டு வங்கிகளின் கார்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வங்கியும் அவருடைய இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேல் கடன் வரம்பு கொடுக்கலாகாது. இரண்டு வரை அனுமதி உண்டு என்பதற்காக இரண்டை வாங்க வேண்டும் என்பதில்லை. ஒன்று போதும்!

அந்த ஒன்றையும் எப்படி உபயோகிப்பது? கையில் காசு இருக்கும் செலவுக்கு மட்டும்: மின்சாரப் பில், மோட்டார் சைக்கிள் எண்ணெய், அவ்வளவே. பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். 'குறைந்தபட்சம் கட்டினால் போதும்' என்று பில்லில் ஒரு வரி இருக்கும். அந்த வரியில்தான் நம் கிராணியார் முன்பு வழுக்கி விழுந்தார். கணக்குப் பாருங்கள். 2,000 வெள்ளி பாக்கிக்குக் குறைந்தபட்சம் 5 விழுக்காடு, அதாவது 100 வெள்ளி கட்டுகிறீர்கள். வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் அந்த மாத வட்டிக்கே ஏறக்குறைய 30 வெள்ளி போய்விடும். கடனில் கழிவது 70 வெள்ளிதான். அதற்குள் இன்னொரு 70 வெள்ளிக்குச் சாமான் வாங்கிவிட்டால், கட்டியும் கடன் நின்ற இடத்திலேயே நிற்கும். கார்டைப் போட்டு ரொக்கம் எடுப்பது இதைவிடக் கேடு; அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

கடன் முடித்தவர் வீட்டு வாசலுக்கு இரண்டு பேர் வருவார்கள். "சிக்ரிஸில் உன் பெயரைச் சுத்தம் செய்து தருகிறேன், ஆயிரம் வெள்ளி கொடு" என்பவர் ஒருவர். பிழையைத் திருத்த ஏஜண்டு தேவையில்லை. உண்மையான பதிவை எந்த ஏஜண்டாலும் அழிக்க முடியாது. மற்றவர் ஆ லோங். "வங்கி கொடுக்காவிட்டால் என்ன, நான் இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே வருவார். வங்கிப் பணம் எடுக்கும் கார்டையும் அதன் ரகசிய எண்ணையும் அடகாகக் கேட்பார். கொடுத்தால் சம்பளம் உங்கள் கைக்கு வராது. 1951-ஆம் ஆண்டு லேவாதேவிச் சட்டப்படி லைசென்ஸ் பெற்றவர்கூட, பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டிற்கு மேல் வட்டி வாங்கலாகாது. ஆ லோங் கேட்பது என்ன வட்டி என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

தொழிலாளிக்கு மட்டும் புத்தி சொல்லி நிறுத்தினால் நாம் தொழிற்சங்கத்தார் அல்லர். வங்கிகளையும் கேட்கிறோம்: கட்டி முடித்தவரின் மனுவை மறுக்கும்போது காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் சொன்னால் என்ன? அவர் கொண்டுவரும் கடிதத்தை ஒரு கணம் படித்தால் என்ன? ஐந்து ஆண்டு ஒழுங்காகக் கட்டியதைவிட நாணயத்திற்கு வேறு எந்தச் சாட்சி வேண்டும்?

நம் கிளைகளுக்கும் வேலை இருக்கிறது. 1960-ஆம் ஆண்டில் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சிறு சம்பளத்திலிருந்து பங்கு செலுத்தினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. தனி ஆளாக வங்கி வாசலில் நிற்க முடியாதவர்கள் சேர்ந்து நின்று நிலம் வாங்கினார்கள்! அந்த வழியை நாம் மறக்கலாகாது. கூட்டுறவுச் சங்கம் உள்ள இடங்களில், கடன் முடித்த தோழருக்கு ஒரு சிறு கடனை முதலில் கொடுத்துக் கைதூக்கிவிட வேண்டும். கிளைச் செயலாளர்கள் கடிதம் எழுதவும், ஏட்டைப் பார்க்கவும், தவறைத் திருத்தவும் உடன் நிற்க வேண்டும். வேலை நிறுத்தத்தில் உடன் நிற்கிற நாம், வங்கி வாசலில் ஒருவரைத் தனியே விடுவது நியாயமா?

அன்றிரவு அந்தக் கிராணியாரிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, கட்டாமல் ஓடியவன் அந்த வாசலுக்கே போகமாட்டான். நீங்கள் போய்க் கேட்டீர்கள். இன்றைக்கு இல்லை என்றார்கள். ஓராண்டு கழித்து 12 பூஜ்யங்களோடு போய்க் கேளுங்கள்."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். மறுநாள் காலையில் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கியதாகச் செய்தி வந்தது. தோழர்களே, நீங்கள் எப்போது?