தோலை இளக்கும் அறிவு யாருடையது?

வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய தோல் செருப்பையோ, தாத்தா காலத்துத் தோல் பையையோ, இடுப்பு வாரையோ கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது பலகைபோல விறைத்திருக்கும். மடக்கினால் வெடித்துவிடுமோ என்று பயமாக இருக்கும். இனி எதற்கும் ஆகாது என்று பெரும்பாலோர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதையே பேருந்து நிலையத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்தால், கட்டைவிரலால் ஓரிடத்தை அழுத்துவார், ஓரத்தை லேசாக வளைப்பார், உள்பக்கத்தைத் தடவுவார். தேறுமா தேறாதா என்பதை அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை தலைமுறைகளின் அறிவு இருக்கிறது என்பதை நம் சமூகம் இன்றுவரை கணக்கில் எடுக்கவில்லை.

தோல் ஏன் விறைக்கிறது? தோல் என்பது நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிய வலை. பதப்படுத்திய தோலுக்குக் கடைசிக் கட்டத்தில் எண்ணெய் ஊட்டுவார்கள். அந்த எண்ணெய் நார்களுக்கு இடையில் படிந்து, அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இடம் கொடுக்கும். தோல் வளைவதும் மடிவதும் அதனால்தான். ஆண்டுக்கணக்கில் வெயிலும் காற்றும் பட, எண்ணெயும் ஈரப்பசையும் குறைகின்றன. நார்கள் ஒட்டிக்கொள்கின்றன. தோல் விறைக்கிறது. இழந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுத்தால் பெரும்பாலான தோல் மறுபடி இளகும்.

நம் ஊர்களில் இதற்குப் பயன்பட்டது விளக்கெண்ணெய். முதலில் உலர்ந்த துணியாலோ தூரிகையாலோ தூசியையும் பூஞ்சணத்தையும் துடைக்க வேண்டும். விறைத்த தோலை எடுத்தவுடன் மடக்கக் கூடாது. வெடித்த இடம் மறுபடி சேராது. நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் சற்று நேரம் விட வேண்டும். ஈரப்பதம் லேசாக இருக்கும்போதே, துணியில் சில சொட்டு எண்ணெய் விட்டு மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். நீர் வெளியேற வெளியேற எண்ணெய் உள்ளே இறங்கும். வழவழப்பான மேல்பக்கத்தைவிடச் சொரசொரப்பான உள்பக்கம் எண்ணெயை நன்றாகக் குடிக்கும். ஓர் இரவு விட்டு, மறுநாள் கையால் மெதுவாகப் பிசைந்து, வளைத்து, தேவைப்பட்டால் இன்னொரு முறை தடவலாம். செருப்புக்கும் பைக்கும் உள்ளே பழந்துணி அடைத்து வைத்தால் வடிவம் குலையாது. ஒரே நாளில் எண்ணெயைக் கொட்டினால் தோல் கறுத்துப் பிசுபிசுக்கும், தையல் நூலும் கெடும்.

அவசரத்துக்கு வெயிலில் காயவைப்பதும், அடுப்போரம் வைப்பதும்தான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ஈரத்தோடு கடுமையான சூடு பட்டால் தோல் சுருங்கிவிடும். பழைய அளவுக்குத் திரும்பாது. சோப்பும் மண்ணெண்ணெயும் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். தொட்டால் கையில் செந்தூளாக உதிரும் தோலுக்கு எண்ணெய் உதவாது; அது நாரே சிதைந்த நிலை. ரெக்சினுக்கும் இந்த வைத்தியம் பலிக்காது, அது தோலே இல்லை.

பறைக்கும் இந்தப் பக்குவத்தைச் செய்துவிடக் கூடாது. பறையில் கட்டுவது பதப்படுத்தாத தோல். அதில் ஈரம் ஏறினால் தொய்யும், ஒலி மங்கும். தீயில் காட்டுவது அந்த ஈரத்தை விரட்டித் தோலை இறுக்கத்தான். செருப்புக்கு இளக்கம், பறைக்கு இறுக்கம். எந்தத் தோலுக்கு எது, எவ்வளவு, எப்போது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று கல்லூரி விழாக்களில் பறை முழங்குகிறது. மாணவர்கள் பெருமையோடு அதைத் தோளில் மாட்டுகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் அதே மாணவர்களில் எத்தனை பேர் பழைய செருப்பைக் கூச்சமில்லாமல் கையில் எடுத்து எண்ணெய் தடவுவார்கள்?

இந்தக் கூச்சம் இயற்கையானதன்று, சாதி கற்றுக்கொடுத்தது. கொங்குப் பகுதியிலும் பிற வறண்ட பகுதிகளிலும் மின்மோட்டார் வருவதற்கு முன் கிணற்று நீரைக் கமலைதான் இறைத்தது. மாடுகள் இழுக்க, சால் மேலே வரும். சாலோடு சேர்த்துக் கட்டிய தோல் வால் வழியாக நீர் வாய்க்காலில் பாயும். நாள் முழுதும் நனைந்து, இரவில் காய்ந்து, மறுநாள் மறுபடி நனையும் அந்தத் தோல் விறைக்காமல், வெடிக்காமல், ஒழுகாமல் இருந்தால்தான் பயிருக்குத் தண்ணீர். அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்து, பழுது பார்த்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அவர்கள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அறிந்தவர்கள். கைக்குக் கிடைத்த கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போட்ட தானியம். அவர்கள் கைவேலையால் பாய்ந்த நீரில் விளைந்ததை ஊரே உண்டது. அந்தக் கை பட்ட குடத்துத் தண்ணீரை மட்டும் தீட்டு என்றது.

செருப்பு தைத்தவர்கள் செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்க முடியாமல், கழற்றிக் கையில் பிடித்து நடந்த கதையை நம் பெரியவர்கள் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது பழங்கதை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டபோது, பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பதைத் தனிக் குற்றமாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இறந்த விலங்கைத் தூக்கவோ, குழி வெட்டவோ தலித்துகளையும் பழங்குடியினரையும் வற்புறுத்துவதும் அதே திருத்தத்தில் குற்றமானது. 2016 ஜனவரி 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கிராமங்களில் உள்ள இளைஞர்கள் இந்த இரண்டு பிரிவுகளையும் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதே 2016 ஜூலையில்தான் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் காரில் கட்டி அடித்தார்கள். இந்த வேலை உனக்கு விதிக்கப்பட்டது என்று சொன்ன அதே சாதியம், அதைச் செய்ததற்காக உதைக்கவும் செய்தது. அங்குள்ள தலித் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டார்கள். இனி நாங்கள் தூக்க மாட்டோம் என்றார்கள். ஊர் அப்போதுதான் அந்த உழைப்பின் மதிப்பை மூக்கால் உணர்ந்தது.

இங்கே நம் இயக்கத் தோழர்களுக்குள் ஒரு வாதம் நெடுநாளாக நடக்கிறது. இழிவோடு கட்டப்பட்ட தொழிலை முற்றாக விட்டுவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. தலைமுறைகளின் அறிவு அழியக் கூடாது என்பது இன்னொரு தரப்பு. பிறப்பால் சுமத்தப்பட்ட வேலைகளை உதறச் சொன்னார் அண்ணல் அம்பேத்கர். அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. அப்பன் தோல் தைத்தான் என்பதற்காக மகன் தைக்க வேண்டியதில்லை. மகள் மருத்துவராகட்டும், மாவட்ட ஆட்சியராகட்டும். ஆனால் கட்டாயத்தை உதறும்போது அறிவையும் சேர்த்து உதறிவிட்டால், லாபம் யாருக்கு? சென்னை அடையாறில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. தோல் தொழில்நுட்பத்தில் எண்ணெய் ஊட்டுவது ஒரு பாடம். அதற்குப் பயன்படும் பொருள்களில் ஒன்று, கந்தக அமிலத்தோடு வினைபுரியச் செய்த ஆமணக்கெண்ணெய். ஆய்வகத்தில் இருந்தால் அறிவியல், மரத்தடியில் இருந்தால் குலத்தொழிலா?

ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் செருப்புத் தைப்பதும் ஒன்று. விண்ணப்பிப்பவர் குடும்பத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. குறைந்தபட்ச வயதை 18-இலிருந்து 35-ஆக உயர்த்த வேண்டும் என்றும் கேட்டது. சரியான எதிர்ப்பு. 18 வயதில் நம் பிள்ளை நிற்க வேண்டிய இடம் கல்லூரி வாசல். கைத்தொழிலுக்கான உதவி, கற்க விரும்பும் எவருக்கும் சாதி பாராமல் கிடைக்க வேண்டும். அக்கிரகாரத்துப் பிள்ளையும் ஊர்த்தெருப் பிள்ளையும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் குத்தூசி பிடித்துத் தோல் தைக்கக் கற்கும் நாளில், அது தொழிலாகும். அதுவரை அது தண்டனையாகவே இருக்கும்.

அதற்கு நாம் கேட்பவை மூன்று. முதலாவது, தோல் பராமரிப்பைத் தொழிற்பயிற்சியில் எல்லாருக்குமான பாடமாக்கி, அனுபவமுள்ள முதிய தொழிலாளிகளை மதிப்பூதியத்தோடு பயிற்றுநர்களாக அழைக்க வேண்டும். இரண்டாவது, 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவர்களோடு சேவை வழங்குவோரையும் காக்கிறது. நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் செருப்புத் தைக்கும் தொழிலாளிகளைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழும் நிழலான இடமும் கொடுக்க வேண்டும். சாலை விரிவாக்கம் என்றதும் முதலில் தூக்கி எறியப்படுவது அவர்களுடைய சாக்கும் பெட்டியும்தான். மூன்றாவது, அரசிடம் கேட்பதன்று, நம்மிடமே கேட்பது. பழைய தோல் பொருளை அவர்களிடம் கொண்டுபோகும்போது "வா, போ" என்று பேசாமல், அண்ணே என்றும் ஐயா என்றும் பேச வேண்டும். பேரம் பேசாமல் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டும்.

தமிழ் படிக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேலை உண்டு. தோல், தோல் பக்குவம், கமலை, பறை சார்ந்த சொற்கள் உங்கள் ஊர்ப் பெரியவர்களின் வாயில் இன்னும் இருக்கின்றன. பல சொற்கள் எந்த அகராதியிலும் ஏறாதவை. விடுமுறை நாளில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள். கேட்கப் போகும்போது வீட்டுப் பரணில் கிடக்கும் அந்த விறைத்த செருப்பையும் எடுத்துப் போங்கள்.